நாவலோடையில் ஒரு செங்காவிப் புழு

"மனுஷன் பொய் சொல்லுவான் மேடம். பூச்சி பொய் சொல்லாது" என்றார் கார்த்திக்.

சொன்ன வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துவிட்டது. ஓடைக்கும் அது கேட்டிருக்கட்டும் என்பதுபோல ஒரு முறை தண்ணீரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஓர் ஓடை ஆரோக்கியமாக இருக்கிறதா, சீக்காளியா என்று நாடி பார்த்துச் சொல்வது அவருடைய தொழில். அதற்கு ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கருவிப்பெட்டி, காலில் வெள்ளை ஷூ. ஏற்காட்டு மலை ஓடைக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிற மனிதர், ஒன்று, எதையும் நம்புவார், அல்லது எதையும் நம்பவைப்பார். இவர் இரண்டில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் சுதாராணி அக்காவோடு வந்திருந்தேன்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்தவர். வேலையில் இருந்தவரை தவளையை அறுத்துக் காட்டினார். ஓய்வு பெற்றபின் கத்தியே இல்லாமல் மனிதர்களை அறுத்துக் காட்டுகிறார். துப்பறிவாளர் என்று போர்டு வைக்கவில்லை. ஏற்காட்டில் போர்டு வைத்துத்தான் விஷயம் பரவ வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டில் நான் இருக்கிறேன். என் பெயர் ஆன்மேரி. அக்காவுக்குச் சம்பளம் இல்லாத அசிஸ்டென்ட். சம்பளத்துக்குப் பதிலாக எந்தச் சங்கதியும் எனக்கு முதலில் தெரிந்துவிடும். இந்த மலையில் அதைவிடப் பெரிய வருமானம் கிடையாது.

எங்களை வரவழைத்தவர் 'பசுமை மூச்சு' எஸ்டேட்டின் முதலாளி சிவக்குமார். சேலத்தில் பாத்ரூம் டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று இயற்கைமேல் காதல் வந்து, மஞ்சக்குட்டைக்கு மேலே எஸ்டேட் வாங்கினார். காப்பிச் செடிகளுக்கு நடுவே காட்டேஜ் கட்டினார். வழியெல்லாம் 'மரத்தை நேசிப்போம்' என்று பலகை வைத்தார். பலகைகளை மரத்தில்தான் ஆணியடித்திருந்தார். அதில் ஒரு மரம் அந்த நேசத்தைத் தாங்க முடியாமல் பட்டுப்போய் நின்றது.

வழக்கு இதுதான். நாவலோடை எஸ்டேட்டுக்குள் இறங்கி, காப்பிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவுகிற பல்ப்பர் ஷெட்டைத் தாண்டி, கீழே அத்தாயியின் பீன்ஸ் காட்டை ஒட்டிப் போகிறது. இந்த அறுவடை தொடங்கியதிலிருந்து ஓடை நாறுகிறது. பீன்ஸ் காட்டுக்குக் கீழே மீனும் இல்லை, நண்டும் இல்லை. 'மேல பழம் கழுவற தண்ணிய ஓடையில உடறாங்க' என்று அத்தாயி பஞ்சாயத்தில் புகார் கொடுத்தாள். 'அவள் அடிக்கிற பூச்சிமருந்துதான் ஓடையைக் கொன்றது' என்று சிவக்குமார் திருப்பிக் கொடுத்தார். இன்று மதியம் பஞ்சாயத்துத் தலைவர் சசிகலா நேரில் வந்து தீர்க்கப்போகிறார். குற்றம் அத்தாயி பக்கம் சாய்ந்தால், ஓடையிலிருந்து அவள் காட்டுக்குத் தண்ணீர் போகிற ஹோஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஹோஸ் போனால் பீன்ஸ் போகும். பீன்ஸ் போனால் காட்டை விற்றுவிட்டு அவள் சேலத்தில் யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

காட்டை யார் வாங்குவார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எஸ்டேட்டைச் சுற்றிலும் கம்பிவேலி இருந்தது. அத்தாயி காட்டுப் பக்கம் மட்டும் கம்பி இழுக்காமல் கல்தூணோடு நின்றது. அவ்வளவு நம்பிக்கை.

"அந்தம்மா மருந்து டப்பாவ ஓடையில கழுவறதக் கையும் களவுமாப் புடிச்சுக் குடுங்க டீச்சர். அது போதும்" என்றார் சிவக்குமார். "மிச்சத்தத் தம்பி கார்த்திக் பாத்துக்குவாரு. பெங்களூருல படிச்சவரு."

"பாத்தாலே தெரியுதுங்க. ஷூவுல ஒரு பொட்டு அழுக்கு இல்லியே" என்றேன். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பல்ப்பர் ஷெட்டுக்கு நேர் கீழே, ஓடையில் நான்கு தட்டையான கற்கள் கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. "என் சாம்பிளை இந்தக் கல்லுக்கு அடியிலதான் எடுத்தேன்" என்று கார்த்திக் வெள்ளைத் தட்டை நீட்டினார். மூன்று வால் உள்ள பூச்சிகள் சில நெளிந்தன. நடுவே சின்னக் குழாய் போன்ற கூடுகள் தாமாகவே நகர்ந்தன. உள்ளே புழு. மணல் பொடிகளைத் தன் எச்சிலால் ஒட்டிக் கட்டிய வீட்டை முதுகில் இழுத்துக்கொண்டு போகிற புழு.

"ரொம்பச் சுத்தமான தண்ணியில மட்டும்தான் இதெல்லாம் வாழும் மேடம். ஷெட்டுக்குக் கீழயே இவ்வளவு இருக்கு. அந்தம்மா காட்டுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல. அப்ப விஷம் எங்க கலக்குது? நீங்களே சொல்லுங்க."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதையே பூதக்கண்ணாடியாகப் பிடித்துக் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். எனக்கு அந்த முதுகு தெரியும். சாதாரணப் புழுவுக்கு அது அவ்வளவு மரியாதை கொடுக்காது.

"தம்பி, இதுல ஒண்ண நான் எடுத்துக்கட்டுங்களா? டீச்சரா இருந்த பழக்கம், உடமாட்டேங்குது."

"தாராளமா மேடம்!"

அக்கா கைப்பையிலிருந்த காலி தைலப் பாட்டிலில் ஒரு புழுவையும் கொஞ்சம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டார். "மத்தியானம் வந்தர்றோமுங்க" என்று சிவக்குமாரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்கூட்டி எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"மேரி, இந்த ஊட்ட நல்லாப் பாரு."

பாட்டிலை வெயிலுக்குக் காட்டினேன். புழுவின் வீட்டில் மணலுக்கு நடுவே சிவப்புத் துணுக்குகளும் வெள்ளைத் துணுக்குகளும் ஒட்டியிருந்தன.

"ஏனுங்க்கா, இது டைல்ஸ் முதலாளி கட்டிக் குடுத்த ஊடா?"

"பெயின்ட்டு. காஞ்சு உரிஞ்சு உழுந்த பெயின்ட்டு. இந்தப் புழு சாமான் வாங்கக் கடைக்குப் போகாது மேரி. பொறந்த எடத்துல, காலடியில என்ன கெடக்குதோ அத ஒட்டித்தான் ஊடு கட்டும். இப்பச் சொல்லு, அந்த எஸ்டேட்டுல செவப்பு, வெள்ள பெயின்ட்டு எங்க பாத்த?"

யோசித்தேன். ஷெட் பச்சை. கேட் பச்சை. தண்ணீர்த் தொட்டி பச்சை. நாய்க்கூண்டுகூடப் பச்சை. பச்சை பெயின்ட் அடித்தால் பசுமை வந்துவிடும் என்று நம்புகிற குடும்பம் அது.

"எங்கயும் இல்லீங்க்கா."

"அப்ப இது அந்த ஓடையில பொறக்கல. எங்கயோ பொறந்தத இங்க குடி வெச்சிருக்கறாங்க. செவப்பும் வெள்ளையும் தண்ணியில உரிஞ்சு உழுகற எடம் எது? வண்டிய எடு."

மஞ்சக்குட்டைப் பக்கம் பாலம் பார்த்தோம். கைப்பிடிச் சுவர் மஞ்சளும் கறுப்பும். பள்ளிக்கூடச் சுவர் நீலம். கரடியூர் போகிற வழியில் ஒரு டீக்கடை மட்டும் சிவப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தது. ஆவலாக இறங்கினோம். பக்கத்தில் ஓடையும் இல்லை, குட்டையும் இல்லை. தண்ணீர் என்று பார்த்தால் டீ என்ற பெயரில் டம்ளரில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அக்கா மறுபேச்சுப் பேசாமல் குடித்தார். டம்ளரை வைத்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

எனக்கு எதுவும் படித்து ஞாபகம் வராது. சண்டையாகக் கேட்டதுதான் ஞாபகம் வரும். குப்பனூர் ரோட்டில் ஊத்துக்கல் அம்மன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. சுனைக்குள் இறங்குகிற படிக்கட்டுக்கு அம்மன் திருவிழாவான நோம்பிக்கு முன்பு பட்டை அடிப்பார்கள், செங்காவி ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை. எப்போதும் காவிக்கல்லும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பது. போன நோம்பிக்கு யாரோ சிக்கனசாலி மலிவான டப்பா பெயின்ட்டை வாங்கிவந்து அடித்து, மழை முடிவதற்குள் அது பொருக்குப் பொருக்காக உரிந்து, அதற்காக ஊரே இரண்டுபட்டது. மாதாகோயிலுக்குப் போகிற எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். சண்டைக்கு மதம் கிடையாது.

"அக்கா, எந்திரிங்க. ஊத்துக்கல்லு!"

கோயில் ரோட்டோரத்திலேயே இருந்தது. கதவைத் திறந்து காரிலிருந்து காலை வைத்தால் சுனைப் படி. பூசாரி சித்தன் படியில் உட்கார்ந்து காவியும் வெள்ளையும் உரிந்த இடங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுனையை எட்டிப் பார்த்தோம். கண்ணாடித் தண்ணீர். அடியில் பெயின்ட் பொருக்கு. அதன்மேல் ஏகப்பட்ட புழுக்கள், நோம்பிக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட வீடுகளை இழுத்துக்கொண்டு ஊர்வலம் போயின. பாட்டிலில் இருந்தவனுக்கு அண்ணன் தம்பிகள்.

"ஏனுங்க பூசாரி, இந்த ஓரத்துல கல்லு இருந்து எடுத்த மாதிரி இருக்குதுங்களே?" என்றார் அக்கா. சுனையின் விளிம்பில் நான்கு இடங்கள் பல் விழுந்த ஈறு போலப் பள்ளமாக இருந்தன.

"அத ஏன் கேக்கறீங்கம்மா. எந்த எடுபட்டவனோ தூக்கீட்டுப் போயிட்டான். நாங்களும் அதுல வேற கல்லு வெக்க முடியாதுங்க. அம்மன் சுனையில எடுத்தத எடுத்தவன் கையாலதான் திருப்பி வெக்கோணும். வெறுங்கால்ல, தலையில சொமந்து, நடந்து வரோணும். அதுவரைக்கும் அந்தப் பள்ளம் அப்படியேதான் கெடக்கும்."

"இந்தத் தண்ணி எங்கிட்டுங்க போகுது?"

"கெழக்கால, குப்பனூருக்கு எறங்குதுங்க."

"நாவலோடைக்கு?"

சித்தன் எங்களை இரக்கத்தோடு பார்த்தார். "அது மலைக்கு அந்தாண்டைங்க. தண்ணி மேல ஏறுமுங்களா?"

அக்காவின் முகத்தில், பரீட்சையில் காப்பியடித்தவனைப் பிடித்த டீச்சரின் பழைய சந்தோஷம் தெரிந்தது.

நாங்கள் திரும்பியபோது ஷெட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. தலைவர் சசிகலா கல்மேல் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தார். நாற்றம் அவருக்கும் நாறியது. ஆனால் கையில் கார்த்திக்கின் அறிக்கை இருந்தது, அதில் வண்ணப்படம் எல்லாம் இருந்தது. வண்ணப்படத்தை எதிர்த்து எந்தப் பஞ்சாயத்தும் இதுவரை மூக்கை நம்பியதில்லை. அத்தாயி தன் ஹோஸின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். பக்கத்திலேயே ஒரு ஆள் ஸ்பானரோடு காத்திருந்தான்.

"டப்பா கழுவறதப் பாத்தீங்களா டீச்சர்?" என்றார் சிவக்குமார்.

"டப்பா பாக்கலீங்க. ஆனா தம்பி சொன்னது அத்தனையும் நெசம். பூச்சி பொய் சொல்லாது. இந்தப் புழு இருக்குதுங்களே, இது நொம்பச் சுத்தக்காரன். இவன் பொறந்த தண்ணிய யாரும் கொற சொல்ல முடியாது."

அத்தாயியின் முகம் செத்துப்போனது. "டீச்சரம்மா, நீங்களுமா?" என்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆனா நாளைக்கு எவனாச்சும், 'இது வெளிய இருந்து கொண்டாந்து உட்ட பூச்சி'ன்னு பேசுவானுங்க. அதனால சபையில ஒரு வார்த்த சொல்லீருங்க. இது உங்க ஓடையிலயே பொறந்ததுதானுங்களே?"

சிவக்குமாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "என்ன டீச்சர் கேள்வி? இந்தப் புழு, இவங்கப்பன், பாட்டன் எல்லாம் எங்க எஸ்டேட்டுல பொறந்ததுங்க. வெளிய இருந்து ஒரு கொசுகூட வர உடமாட்டேன். தம்பி, சொல்லு."

"நூறு பர்சென்ட் லோக்கல்" என்றார் கார்த்திக்.

அக்கா தைலப் பாட்டிலைச் சசிகலாவின் கையில் கொடுத்தார். "தலைவரம்மா, இவன் ஊட்டுக்கு அடிச்சிருக்கற பெயின்ட்டு என்ன நெறம்னு பாருங்க."

சசிகலா பார்த்தார். மூக்கை மூடியிருந்த தலைப்பு தானாக விழுந்தது. "செங்காவி... வெள்ள... இது ஊத்துக்கல்லுப் படியாட்டல்ல இருக்குது?" அந்தப் பெயின்ட் சண்டையில் ஒரு கட்சிக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான்.

"அங்க போய்ப் பாத்துட்டுத்தானுங்க வர்றோம். சுனை பூராவும் இவன் பங்காளிங்க. ஓரத்துல நாலு கல்லக் காணோம்." அக்கா ஓடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு விருந்தாளிகளைக் காட்டினார்.

"தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்திருக்கும் மேடம். அது சகஜம்" என்றார் கார்த்திக்.

"ஊத்துக்கல்லுத் தண்ணி குப்பனூருக்குப் போகுதுங்க தம்பி. அங்க இருந்து மலையேறி இங்க வர்றதுக்கு இவன் மஞ்சக்குட்டை பஸ்ஸு புடிச்சானா? கல்லயும் மடியில வெச்சுக்கிட்டு?" என்றேன் நான். ஸ்பானர்க்காரன் முதலில் சிரித்தான்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினார். அந்த நான்கு கற்களைத் தொடாமல், பக்கத்தில் சேற்றில் புதைந்து கிடந்த ஒரு கல்லைப் பிடுங்கிப் புரட்டினார். அடிப்பக்கம் கறுப்பு. ஊசிப்போன கள் மாதிரி புளித்த நாற்றம். அதில் ரத்தச் சிவப்பில் நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்தன.

"மூச்சுக்கே காத்து இல்லாத தண்ணியில கெடக்கற புழு இது. பழம் கழுவுன தண்ணி இறங்கி ஓடை மூச்சு முட்டிக் கெடக்குது. இவன்தானுங்க இந்த ஊட்டுச் சொந்தக்காரன். அந்த நாலு கல்லுல வந்தவன் விருந்தாளி. அத்தாயி காட்டுக்குத் தண்ணி வர்றதுக்கு முன்னாலயே இங்க ஓடை செத்தாச்சு."

எல்லாரும் சிவக்குமாரைப் பார்த்தார்கள். நானும் அவரைத்தான் பார்த்தேன். கோயில் சுனையில் கைவைத்த துணிச்சல்காரர் என்று மனசுக்குள் கணக்கை முடித்தும்விட்டேன். ஆனால் அவர் முகத்தில் திருடனின் பயம் இல்லை. ஏமாந்தவனின் அதிர்ச்சி இருந்தது. அவர் மெதுவாகக் கார்த்திக் பக்கம் திரும்பினார்.

"டேய்... கோயில் கல்லா?"

"சார், அது வந்து..."

"கரடியூருக்கு மேல காட்டுக்குள்ள ஏறிப் போய் எடுத்துட்டு வான்னுதானடா உன்னை அனுப்புனேன்! ஜீப்பு குடுத்தேன், கூட ஆளு குடுத்தேன்! பூச்சி புடிச்சு உட்டாப் போதும்னா, கோயில் கல்லத் தூக்கீட்டு வந்து எங்க ஷெட்டுக்குக் கீழ போட்டிருக்கற?"

தான் என்ன சொன்னோம் என்பது சிவக்குமாருக்கு, கேட்டவர்கள் எல்லாருக்கும் புரிந்தபிறகுதான் புரிந்தது. மோசடி செய்தது அவருக்கு உறைக்கவில்லை. வேலை தரமாக இல்லை என்பதுதான் உறைத்திருக்கிறது. டைல்ஸ் வியாபார புத்தி.

கார்த்திக் தன் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காட்டுக்குள்ள ரோடு இல்ல சார். அட்டை வேற. கோயில் வரைக்கும்தான் ஜீப் போச்சு."

ஒரு மலையே சுத்தமான ஓடைகளோடு சுற்றி நிற்க, ஜீப் கதவிலிருந்து கை எட்டுகிற இடத்தில் மட்டும் இயற்கையைத் தேடிய அந்த மேதையை நான் ஆசை தீரப் பார்த்துக்கொண்டேன். ஷூவில் இன்னமும் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

சசிகலா அறிக்கையை நாலாக மடித்து, உட்கார்ந்திருந்த கல்லுக்குப் போட்டு, அதன்மேல் மறுபடி உட்கார்ந்தார். "ஸ்பானர எடுத்துக்கிட்டு மேல போப்பா. பல்ப்பர் ஷெட்டுக்குப் போற தண்ணி லைனக் கழட்டு. கழுவற தண்ணிக்குக் குழி வெட்டி, நான் வந்து பாத்ததுக்கப்பறம்தான் ஷெட்டு ஓடும்."

"டீச்சர், உங்களக் கூப்பிட்டது நானுங்க!" என்றார் சிவக்குமார்.

"ஆமாங்க. வேற யாராச்சும் கூப்பிட்டிருந்தா உங்க தட்ட இவ்வளவு கிட்டப் பாக்க உட்டிருப்பீங்களா?" என்று அக்கா கையைக் கழுவ இடம் தேடினார். அந்த ஓடையில் கழுவ அவருக்கு மனசு வரவில்லை. நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

நான்கு கற்களும் கரைக்கு வந்தன. முதலாளிக்கு இரண்டு, நிபுணருக்கு இரண்டு என்று சசிகலா பிரித்துக்கொடுத்தார். அனுப்பியவனும் எடுத்தவனும் கோயில் கணக்கில் ஒரே கைதானாம். வெள்ளை ஷூ இரண்டும் கரையில் கழன்று கிடந்தன. முதல்முறையாக அவற்றின்மேல் சேறு ஒட்டியிருந்தது. தலையில் துண்டைச் சும்மாடு கட்டி, கல்லை ஏற்றியதும் சிவக்குமாரின் கண்கள் தன் ஜீப்பைத் தேடின.

"ஏனுங்க," என்று அவர் யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டார், "அதான் கோயில் வரைக்கும் வண்டி போகுமுங்களே?"

அத்தாயி ஹோஸின் தலையை மறுபடி தண்ணீருக்குள் வைத்து, சுற்றிலும் சின்னக் கற்களால் அணை கொடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வண்டி போகுமுங்க சாமி," என்றாள். "நீங்க நடங்க."